மூன்றாவது ஜோடி

“மாமா, ஸ்விட்சை அணைங்க.”

“எப்பவோ அணைச்சாச்சும்மா.”

மருமகளுக்கு மனசு குளிர்ந்தது. சொல்வதற்கு முன்பே செய்து முடிக்கிற ஆள் அந்த வீட்டில் மாமனார் ஒருவர்தான். பிளக் பாயிண்ட் பீரோவுக்குப் பின்னால் மறைந்திருந்தது. அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, போடச் சொன்னால் போடவும் அணைக்கச் சொன்னால் அணைக்கவும் நாலு நாளாக அவர் அங்கேயே பழியாகக் கிடந்தார்.

சாப்பாட்டு மேஜைமேல் கம்ப்யூட்டர் வயிற்றைத் திறந்துகொண்டு நின்றது. பாகம் பாகமாக வாங்கி அவளே கோர்த்தது. எல்லாம் சொன்னபடி கேட்டன, மெமரியைத் தவிர. பட்டை பட்டையாக இருந்த இரண்டு மெமரியில் எதைத் தனியாகச் செருகினாலும் ஸ்கிரீனில் சட்டென்று வெளிச்சம் வந்தது. இரண்டையும் சேர்த்துச் செருகினால் உள்ளே காற்றாடி மட்டும் சுற்றும், ஸ்கிரீன் கருப்பாகவே இருக்கும். அதற்குள் குழந்தை அழும். அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் காற்றாடியும் அடங்கிப்போயிருக்கும்.

ஒரே மெமரியை வைத்து ஓட்டலாம் என்றால் வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர் பாதியில் படுத்துக்கொண்டது. குழந்தைக்காக வேலையை விட்டவளுக்கு ஒரு கம்பெனி சோதனைக்காக ஒரு வீடியோவைக் கொடுத்திருந்தது. இன்று சாயங்காலத்துக்குள் வெட்டி ஒட்டி அனுப்பினால் வீட்டிலிருந்தபடியே வேலை. இல்லையென்றால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

ஃபோன் அடித்தது. ஆபீசிலிருந்து கணவன்.

“என்ன, வந்துச்சா?”

“வரும்.”

“ஒத்துப்போகாத ரெண்டை ஏன் போட்டு இழுத்துக்கிட்டிருக்கே? இந்த வேலை போனா போகுது. வேற வராமலா போகும்?”

“ரெண்டு வருஷமா வரலையே! இதை நான் விடறதா இல்ல. ஃபோனை வைங்க, எனக்கு வேலை இருக்கு.”

மாமனார் வாய்விட்டுச் சிரித்தார். “சரியாக் குடுத்தேம்மா அவனுக்கு. நீ பாட்டுக்குச் செய். நான் இருக்கேன்.”

அவளுக்கு அது போதுமாக இருந்தது. இரண்டு மெமரியையும் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினாள். மதர்போர்டில் இருந்த குட்டி பேட்டரியைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி மாட்டினாள்.

“போடுங்க மாமா.”

காற்றாடி சுற்றியது. ஸ்கிரீன் கருப்பு. உள்ளறையில் குழந்தை வீறிட்டது.

“நீ போம்மா, நான் பார்த்துக்கறேன்.”

அவள் எழுந்த கையோடு அவள் தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியை நிறுத்தினார். வந்து உட்கார்ந்தால் உடனே போடுவார். பெற்ற அப்பாகூட அவளை இப்படிப் பார்த்துப் பார்த்துக் கவனித்ததில்லை.

திரும்பி வந்தபோது மேஜை நிசப்தமாக இருந்தது.

“மறுபடியும் போச்சா?”

“ஒரு புள்ளிகூட வரலம்மா. கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுத்தான் பார்த்தேன்.” அவர் முகம் அவள் முகத்தைவிட வாடியிருந்தது.

ஃபோனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். குரலைக் கேட்டதுமே கம்ப்யூட்டர் கடைக்காரப் பையன் பெருமூச்சு விட்டான்.

“மேடம், இது மூணாவது ஜோடி. நாலாவது ஜோடி மாத்திக் குடுத்தா முதலாளி என்னையே மாத்திடுவாரு.”

“மாத்த வேணாம்ப்பா. காரணத்தைச் சொல்லு, போதும்.”

“புது மெமரி ரெண்டு சேரும்போது ஒண்ணுக்கொண்ணு பழகிக்கக் கொஞ்சம் நேரமெடுக்கும் மேடம். அதுவரைக்கும் ஸ்கிரீன் கருப்பாத்தான் இருக்கும். கால்மணி நேரம்கூட ஆகலாம். அணைக்காம விட்டுடணும்.”

“நான் எங்க அணைச்சேன்? அதுவா நின்னுபோகுது.”

“அதுவா நின்னா ரெண்டுக்கும் பொருத்தமில்லன்னு அர்த்தம். விட்டுடுங்க மேடம்.”

விடுவதாவது! பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். இரண்டையும் கழற்றினாள். பொன்னிறமாக மின்னிய விளிம்புகளை ரப்பரால் இதமாகத் தேய்த்தாள். டக்கென்று சத்தம் கேட்கிறவரை அழுத்திச் செருகினாள். இதுதான் கடைசித் தடவை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இது எத்தனையாவது கடைசித் தடவை என்பது அவளுக்கே மறந்துவிட்டது.

“போடுங்க மாமா.”

அதே காற்றாடி, அதே கருப்பு. மதியச் சாப்பாடு முடிந்த நேரம், குழந்தைக்குத் தூக்கம் சொக்கியது. ஆனால் அன்றைக்கென்று பார்த்துத் தூங்குவேனா என்று அடம்பிடித்தது. உள்ளறையில் உட்கார்ந்து தட்டிக்கொடுத்து அவளுக்குக் கையே மரத்துப்போனது. சாயங்காலம் நெருங்க நெருங்க அவளுக்கு அழுகையாக வந்தது. அழுதால் வேலை கிடைக்குமா? கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்து எதைக் கழற்றலாம் என்று யோசித்தபடியே ஹாலுக்கு வந்தாள்.

ஸ்கிரீன் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. இரண்டு மெமரியின் அளவையும் கூட்டி முழுசாகக் காட்டியது.

“மாமா! வந்துடுச்சு மாமா! ரெண்டும் சேர்ந்துடுச்சு!”

நாற்காலியில் தலை சரிந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்த மாமனார் அலறியடித்துக்கொண்டு எழுந்தார். அவர் கை தானாக பீரோவுக்குப் பின்னால் போனது.

“ஐயையோ, கண்ணசந்துட்டேனே! எப்பவும் நீ அந்தப் பக்கம் போனதும் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, ஒண்ணும் வராததுக்கு எதுக்கு வெட்டியா கரண்ட்னு டாண்ணு அணைச்சுடுவேன். இன்னிக்குன்னு பார்த்து மறந்துட்டேம்மா!”