தினம் ஒரு கோளாறு

குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டதும் அவள் மேசைக்கு அடியில் புகுந்தாள். கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்த ஒயர்களில் ஒன்றைப் பாதி உருவி, நன்றாகச் செருகியிருப்பது போலவே தெரியும்படி விட்டாள். வெளியே வரும்போது முகமெல்லாம் திருட்டுச் சிரிப்பு.

எதிரே நாத்தனார் நின்றிருந்தாள்.

“அடிப்பாவி! நீதானா அது? என் தம்பி பரீட்சைக்குப் படிக்கிற கம்ப்யூட்டர் தினம் ஒரு நோவுல படுக்குதேன்னு பார்த்தேன். புருசன் முன்னுக்கு வந்தா வயித்தெரிச்சலாடி உனக்கு?”

“ஐயோ அண்ணி, மெல்லப் பேசுங்க. அவருக்குக் கேட்டுரும்.”

“கேக்கட்டும். ஊருக்கே கேக்கட்டும்!”

ஊருக்குக் கேட்பதற்குள் குளியலறைக் கதவு திறந்தது. காதில் சோப்பு நுரையோடு அவன் தலையை நீட்டினான். “கத்தாதக்கா. கம்ப்யூட்டரைக் கெடுக்கச் சொன்னதே நான்தான். அவ எதைக் கெடுத்தான்னு மட்டும் சொல்லிடாத.”

“நல்ல ஜோடிதான். ஒண்ணுக்கு ஒண்ணு லூசு” என்று அக்கா போய்விட்டாள்.

வருடக்கணக்கில் மூட்டை தூக்கிய முதுகு அவனுடையது. கிடங்கில் ஒரு நாள் குனிந்தவன் நிமிரவில்லை. கூட இருந்தவர்கள் அவனையே ஒரு மூட்டையாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இனிமேல் கனம் தூக்கினால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் வேறு சம்பாத்தியம் கிடையாது.

கிடங்கு ஆபீஸுக்கு வந்துபோகும் கம்ப்யூட்டர் மெக்கானிக்தான் வழி சொன்னார். ஒரு சான்றிதழ்ப் பரீட்சை இருக்கிறது. தேறிவிட்டால், கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுகிறது என்று போன் செய்கிறவர்களுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே சரிசெய்யச் சொல்லித்தரும் வேலை. பட்டம் கேட்கமாட்டார்கள். தலையணை கனத்தில் ஒரு புத்தகமும், ஆபீஸ் கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டரும் வீட்டுக்கு வந்தன.

“நல்லா ஓடுற கம்ப்யூட்டரை வச்சு என்னத்தைப் பழகுறது? தினம் நீ ஒண்ணு கெடு, நான் கண்டுபிடிக்கிறேன்” என்றான் அவன்.

ஒயரை உருவுவதோடு அவளுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது.

“இது என்ன பச்சப்புள்ள விளையாட்டு? கஷ்டமாக் கெடு. அடுப்பை நான் பார்த்துக்கறேன். நீ புத்தகத்தைப் புரட்டி நாளைக்கு எதுல கைவைக்கலாம்னு பாரு.”

அவள் பார்த்தாள். பார்க்கப் பார்க்க ருசி கண்டுவிட்டது. ஒரு நாள் திரையின் வெளிச்சத்தை அடியோடு குறைத்து, கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று அவனை நம்பவைத்தாள். இன்னொரு நாள் கம்ப்யூட்டர் கடிகாரத்தில் வருடத்தை மாற்றிவைத்தாள். எந்த இணையதளமும் திறக்கவில்லை. அவன் இன்டர்நெட்காரனை வண்டை வண்டையாகத் திட்டிக்கொண்டிருந்தான். அவள் வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தாள்.

அவன் கண்டுபிடித்ததைவிடக் கைவிட்டதுதான் அதிகம்.

“தோத்துட்டேன். நீயே சரிபண்ணிக் காட்டு. இரு, இரு, கை வைக்காத. போன்ல சொல்ற மாதிரி வாயால சொல்லு. எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு வச்சுக்க.”

“வச்சுக்கறது என்ன, அதானே நிஜம்!”

அவள் பொறுமையாகச் சொல்வாள். அவன் வேண்டுமென்றே தப்பாக அமுக்குவான், சிடுசிடுப்பான், போனை வைத்துவிடுவேன் என்று மிரட்டுவான். “கோபப்படாதீங்க சார், மறுபடி முதல்ல இருந்து பார்ப்போம்” என்பாள் அவள். சார் என்று கூப்பிடும்போது மட்டும் அவனுக்குப் பல்லெல்லாம் தெரியும்.

அவள் கவலையெல்லாம் புத்தகம்தான். அவன் அதைத் திறந்தால் பக்கம் புரள்வதற்குள் குறட்டை கிளம்பிவிடும்.

“ஏங்க, இந்த லட்சணத்துல பரீட்சையில என்னத்தைக் கிழிப்பீங்க? இதை விட்டா நமக்கு வேற கதி இருக்கா?”

“கேள்வித்தாளைப் பார்த்து மயங்கி விழுறதுக்கு, தூங்குறது தேவலை.”

அவள் முகம் சுண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையில் மயங்கி விழுந்து, அன்றோடு படிப்புக்குத் தலைமுழுகியவள் அவள். “அந்தப் பேச்சை எடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று எழுந்து போனாள். அன்று கோபத்தில் அவள் கெடுத்த கெடுப்பை மெக்கானிக்கே வந்து பார்த்தும் கண்டுபிடிக்கமுடியவில்லை.

பரீட்சை நாள் வந்தது.

“நீயும் கூட வா, தெம்பா இருக்கும். உன் அடையாள அட்டையையும் எடுத்துக்க. கூட வர்றவங்ககிட்டயும் கேப்பாங்களாம்” என்றான்.

வழி நெடுக அவள் விடவில்லை. “சத்தம் வருது, படம் வரலைன்னா முதல்ல எதைப் பார்ப்பீங்க?”

“எதைப் பார்க்கணும்?”

“தலையில அடிச்சுக்கணும்!” என்றாள். ஆனாலும் பதிலைச் சொன்னாள். அடுத்ததைக் கேட்டாள். அதற்கும் பதிலை அவளே சொன்னாள். பரீட்சை மையத்து வாசலில் கண்ணை மூடி, இந்த மனுசன் எப்படியாவது கரையேறட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் இரண்டு அட்டைகளையும் வாங்கிக் கம்ப்யூட்டரில் பார்த்தாள். அவனுடையதைத் திருப்பிக் கொடுத்தாள்.

“நீங்க உள்ள வாங்கம்மா. ஜன்னலோரம் இருக்கே, அதான் உங்க சீட்.”

“நான் இல்லீங்க. பரீட்சை இவருக்கு.”

“இல்லையே. உங்க பேர்லதான் பதிவாகியிருக்கு.”

ஓடிவிடலாம் என்று அவள் திரும்பினாள். வாசற்கதவில் சாய்ந்து, வழியை அடைத்துக்கொண்டு நின்றிருந்தான் அவன்.

“படின்னு சொல்லியிருந்தா ஓடியிருப்ப. அதான் கெடுன்னு சொன்னேன்.”