தென்பக்கத்து ஜன்னல்

"எங்கம்மா உள்ள வந்து உக்காரணும் சார்."

படித்துவிட்டோம் என்று இதைக் கேட்டுத் தொலைக்காதே என்று அம்மா சொல்லித்தான் கூட்டிவந்திருந்தாள். பாறையை உடைக்காமல், வேம்பை வெட்டாமல், மடக்கினால் ஒரே அறையாகிவிடும் கதவுகளோடு சபேசன் சாருக்கு அந்தச் சின்ன மண்வீட்டை வரைந்தது நான். சுவருக்கு மண் மிதித்தது அவள். இன்று பால் காய்ச்சுகிறார்கள், அவள் காகிதக் கப்போடு வேலியோரம் நிற்கிறாள்.

சபேசன் சார் சிரித்தார். "வெளியில என்னமா காத்து வருது. அவங்களுக்கு அதாம்மா பழக்கம்."

ஃபேனே வேண்டாத வீடு என்று உள்ளே யாரோ வியந்தார்கள். தெற்கே சுவரில்லாமல் முழுக்க ஜன்னல் வைத்திருந்தேன். வேலிக்கு அப்பால் சும்மா கிடக்கும் எங்கள் மூன்று சென்ட்டைத் தாண்டித்தான் அந்தக் காற்று வந்தாக வேண்டும்.

செருப்பை மாட்டினேன்.

"சாப்ட்டுப் போம்மா," என்றார்.

வேலிக்கு வந்தேன்.

"எங்கடி கெளம்பிட்ட?" என்றாள் அம்மா.

"மேஸ்திரியப் பாக்க. நம்ம எடத்துல வீடு கட்டப்போறோம். கக்கூஸ் அவரு ஜன்னலுக்கு நேரா, ரெண்டாள் ஒசரச் சுவரோட."

"வேணாண்டி," என்று அவள் கப்பைக் கீழே வைப்பதற்குள் ரோட்டுக்கு வந்துவிட்டேன்.