ஆற்றுக்குப் போகும் ஞாயிறு

"இன்னிக்கு அசாஹான் ஆத்துல நான் குளிச்சே ஆகணும்," என்றாள் உஷாராணி.

"போலாம். பிளான் மட்டும் கொஞ்சம் ஃபிளெக்ஸிபிளா இருக்கட்டும்," என்றார் கணவர் தனபாலன்.

"அதான் நானும் சொல்றேன். அத்தை, முதல்ல ஜாசின் கோயிலுக்குப் போலாமா? இன்னிக்கு அபிஷேகமாம்."

"அபிஷேகமா? அப்ப மத்தியானச் சாப்பாடும் அங்கதான்!" என்றாள் மாமியார் பெத்தம்மாள்.

"உங்களுக்குத் தஞ்சோங் கிளிங் சுட்ட மீன் பிடிக்குமேங்க?" என்று உஷாராணி கணவரைப் பார்த்தாள்.

தனபாலன் எச்சில் விழுங்கினார். "அது ஆத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். ஆனா, மீனு..."

"போற வழியில மால் இருக்குலா, பா!" என்று குதித்தாள் மகள் தர்ஷினி.

தனபாலன் யோசித்தார். "கோயில், மால், மீன். எல்லாம் சரியா வருது. ஆத்துக்குத்தான் நேரமே இல்ல, உஷா."

உஷாராணியின் முகம் வாடியது. "பரவால்லங்க. எனக்கும் தலை வலிக்குது. நீங்க போயிட்டு வாங்க."

"பாவம்லா அம்மா," என்று சொல்லிக்கொண்டே தர்ஷினி காரில் ஏறினாள்.

கார் முனை திரும்பியதும், உஷாராணி கட்டிலுக்கடியில் நேற்றே கட்டி வைத்திருந்த பையை இழுத்தாள். உள்ளே ஒரே ஒரு துண்டு. விடியற்காலையில் வாங்கி ஒளித்த ஒரே ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தையும் அதில் வைத்தாள். அணிந்திருந்த பாஜு குரோங் அங்கிக்குள் நீச்சலுடை காலையிலிருந்தே தயாராக இருந்தது. மோட்டார் சைக்கிளைக் கிளப்பினாள்.

ஆற்றில் அவளை அம்மா என்றோ உஷா என்றோ கூப்பிட யாருமில்லை. பாறையில் சாய்ந்து கிடந்தபோது கணவரின் செய்தி வந்தது.

'தலைவலி எப்படி? அடுத்த மாசம் கண்டிப்பா ஆறுதான்.'

ஈர விரலால் பதில் எழுதினாள். 'சரிங்க. போன மாசம் மாதிரியே, பிளான் மட்டும் ஃபிளெக்ஸிபிளா இருக்கட்டும்.'