பதினாலாம் எண் குடும்பம்

கடைக்காரர் மைக்கைப் பிடித்துக்கொண்டு என் மூக்கைக் காட்டினார்.

நிஜ மூக்கை இல்லை. ஜன்னலுக்கு வெளியே, எதிர்ச் சுவரில் வரைந்திருக்கும் மூக்கை. அது மட்டுமே ஒரு முழம் இருக்கும்.

"வந்தேறிங்க ஒருத்தர் ரெண்டு பேர்னா பரவாயில்ல. இப்படிக் குடும்பம் குடும்பமா வந்து இறங்கினா நம்ம பிள்ளைங்க எங்க போறது?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நூலகத்து மாடிக் கூடத்தில் உட்கார இடமில்லை. வெளியிலிருந்து வந்து இங்கே உழைக்கிறவர்களைக் கொண்டாடுகிறோம் என்று அந்தச் சுவரில் நாற்பது பேரை வரைந்தார்கள். இப்போது அதை வைத்துக்கொள்வதா, வெள்ளையடித்துவிடுவதா என்று அடித்துக்கொள்கிறார்கள்.

ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் எழுந்து, "அந்தக் குடும்பம் சிரிக்கிற சிரிப்பைப் பாருங்க, என்ன ஒத்துமை!" என்று உருகினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். இரண்டு கட்சியும் சண்டை போடுவது எங்களை வைத்துத்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எங்களை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்களை என்றால், என்னையும் ரொட்டிக்காரரையும். நடுவில் மூன்று நாற்காலி காலி.

அவர் என் புருஷன் இல்லை. எந்த ஊர்க்காரர் என்றுகூடச் சரியாகத் தெரியாது. பாஷை ஒன்று, அவ்வளவுதான். ஓனர் ஓர் அறைக்கு நடுவே பலகை அடித்து இரண்டாக்கி, அந்தப் பக்கம் அவருக்கும் இந்தப் பக்கம் எனக்கும் வாடகைக்கு விட்டிருக்கிறார். அவருக்கு பேக்கரியில் அடுப்பு வேலை. எனக்கு ஓட்டல் சலவைக்கூடத்தில் இஸ்திரி. பதினோரு வருஷத்தில் "தண்ணி வருதா?", "வருது" என்பதற்கு மேல் நாங்கள் பேசியதில்லை.

கதவு எண் பதினாலு. தபால்பெட்டியும் ஒன்றுதான். சுவரில் வரைய போட்டோ வேண்டும் என்று அதில் ஓர் உறையைப் போட்டுவிட்டுப் போனார்கள். அவர் தன் போட்டோவை வைத்தார். நான் என்னுடையதையும், என் பெண்ணின் ஏழு வயதுப் போட்டோவையும் வைத்தேன். ஓவியக்காரப் பெண் கதவு எண்படி பிரித்தாளாம். ஒரே எண், ஒரே உறை. மற்றவர்களையெல்லாம் தனித்தனியாக வரைந்தவள், எங்களை மட்டும் குடும்பமாக்கிவிட்டாள்.

சாரம் பிரித்த அன்றைக்குப் போய்ப் பார்த்தேன். கோபம் தலைக்கேறியது. யாரோ ஓர் ஆளைக் கொண்டுவந்து என் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறாளே, நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் நெருங்கினேன்.

நடுவில் என் பெண் நின்றாள். அவள் கை என் கையில் இருந்தது.

வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்கா வீட்டில் அவளை விட்டுவிட்டு வந்து பன்னிரண்டு வருஷம். மூன்று தடவை அவளுக்கு விசா மறுத்தார்கள். இந்த ஊருக்கு அவள் வந்தது அந்தச் சுவருக்கு மட்டும்தான். சுற்றுவழி ஆனாலும் வேலைக்கு அந்தத் தெரு வழியாகத்தான் போகிறேன். அதையும் வெள்ளையடித்துவிட்டால் இங்கே எனக்கென்று யார் இருக்கிறார்கள்?

கடைக்காரர் விடுவதாயில்லை. "நான் விசாரிச்சுட்டேன். அது குடும்பமே இல்லையாம்! அந்தப் பொண்ணை இந்தத் தெருவுல யாராவது பாத்திருக்கீங்களா? பொய்யை எதுக்குச் சுவத்துல வெச்சுக் கொண்டாடணும்?"

அப்போதுதான் கூடமே திரும்பி எங்களைப் பார்த்தது. எழுந்திருக்கப் பார்த்தேன்.

அதற்குள் ரொட்டிக்காரர் எழுந்தார். சட்டைக் காலரில் மாவு ஒட்டியிருந்தது.

"எங்க பொண்ணுதாங்க. அது சின்ன வயசுப் போட்டோ. இப்ப பத்தொம்பது ஆகுது. ஊர்ல நர்ஸ் படிப்பு, ரெண்டாம் வருஷம். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கல. ஓயாம தலைவலின்னு போன மாசம்தான் கண்ணாடி போட்டா."

அட, இந்த மனுஷனிடம் இத்தனை வார்த்தை இருந்ததா!

கண்ணாடி என்றதும் கூடம் அடங்கிவிட்டது. பொய் சொல்கிறவன் கண்ணாடி வரைக்கும் போகமாட்டான் என்று நினைத்திருப்பார்கள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைக்காரர் மைக்கைக் கீழே வைத்தார். கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். ஒன்பது கை அதிகம். சுவர் பிழைத்தது.

ரொட்டிக்காரர் உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவேயில்லை. பலகை மெல்லிசு. தினமும் சாயங்காலம் நான் போனில் பேசுவதெல்லாம் அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது. ஒரு மனுஷர் இத்தனை நாள் ஒன்றுவிடாமல் ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஓவியக்காரப் பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லவே இல்லையேம்மா! அந்தக் குழந்தையை அழிச்சிட்டு, கண்ணாடியோட பெரிய பொண்ணாவே வரைஞ்சுடறேன். இப்ப எடுத்த போட்டோ ஒண்ணு மட்டும் குடுங்க."

சரியென்று தலையை ஆட்டினேன். அத்தனை பேர் பார்க்கும்போது வேறென்ன செய்ய?

ரொட்டிக்காரருக்குக் கேட்டது என் பேச்சு மட்டும்தான். சாப்பிட்டியா, தலைவலி போச்சா, கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிக்கிறியா என்று நான் கேட்பது. நர்ஸ் படிப்பு, ஹாஸ்டல், கண்ணாடி எல்லாமே நானாகச் சேர்த்துக்கொண்டது. இரண்டு வருஷமாக அவள் போனை எடுப்பதில்லை.

போன் மணி அடித்து ஓய்ந்த பிறகுதான் நான் பேசவே ஆரம்பிப்பேன்.