மோசமான தண்ணீர் வேண்டும்

“நம்ம தண்ணி நாசமா இருக்கணும் மச்சான். வேற எந்த ஊர்த் தண்ணியும் அதுக்குக் கிட்ட நிக்கக் கூடாது.”

சாயப்பட்டறையில் கொதிகலனுக்கு முன்னால் உட்கார்ந்து இதைச் சொன்னவரை எல்லோரும் பாய்லர் என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்தில் துணியை முக்கி எடுத்துக்கொண்டிருந்த சாயக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவர் கை முழங்கை வரை நீலம்.

“ஊரே நல்ல தண்ணிக்குக் குடத்தைத் தூக்கிட்டு அலையுது. உனக்கு என்னய்யா வந்துச்சு?”

“பொண்ணு வரணும்.”

பாய்லரின் மகள் வெளிநாட்டில் படிக்கிறாள். மண்ணும் தண்ணீரும் கெட்டால் மனுஷ உடம்பு என்ன ஆகும், அதைக் கெடுக்காமல் எப்படித் தொழில் நடத்துவது என்கிற படிப்பு. உதவித்தொகையில் போனவள். போனதோடு சரி, இடையில் ஒரு தடவைகூட வந்து போக வழியில்லை. இப்போது படிப்பின் கடைசிக் கட்டம். மாணவர்கள் அவரவர் வீட்டுத் தண்ணீரை வரவழைத்துச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். எந்த ஊர்த் தண்ணீர் இருப்பதிலேயே மோசமோ, அந்த ஊருக்கு மொத்தக் குழுவும் வந்து ஒரு வருடம் வேலை பார்க்கும். மகள் அனுப்பிய பாட்டிலை, பாய்லர் வேலையில் இருந்த நேரத்தில், அவர் மனைவி நிரப்பிக் கூரியரில் கொடுத்துவிட்டாள். இன்றைக்கு முடிவு.

“ஒரு வருஷம் வீட்ல இருப்பா மச்சான். எதிர்ல உக்காந்து சாப்பிடுவா. என்னோட சண்டை போடுவா. அது போதும் எனக்கு.”

“அப்ப கவலைய விடு. நாம திறந்து விடுற சாயத்துக்கு முதல் பரிசே நமக்குத்தான். முதலாளி மத்த எல்லாத்துலயும் ஏமாத்துவாரு, இதுல கைவிட மாட்டாரு.”

பாய்லர் சிரித்தார். பெருமைப்பட ஒன்றுமில்லை என்று அவருக்கும் தெரியும். அந்தத் தண்ணீரில் குளித்துக் குளித்து அவர் காலெல்லாம் சொறி. ஆனால் பிள்ளை முகத்தைப் பார்க்கத் தவிக்கிறவனிடம் ஊர் நியாயம் எடுபடாது.

மதிய ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போனால், மனைவி மகளின் அறையைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டிருந்தாள். அறை என்று பெயர்தான். கட்டில் இடிப்பதால் கதவு பாதிதான் திறக்கும். ஜன்னலில் புதுத் திரை தொங்கியது.

“ஏங்க, நம்ம தண்ணி தேறிடும்ல?”

“தேறாம? கண்ண மூடிக்கிட்டுத் தேறும்.”

“அவ பரீட்சைக்குக்கூட நான் இப்படிப் பயந்ததில்ல.”

“அந்தப் பரீட்சைய அவ எழுதினா. இத எங்க முதலாளியில்ல எழுதியிருக்காரு. தைரியமா இரு.”

“என்னமோ உளறுங்க,” என்று சொல்லிவிட்டு, காயப்போட்ட மெத்தையை எடுக்க அவள் மொட்டை மாடிக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் போன் அடித்தது.

“அப்பா, அம்மா பக்கத்துல இருக்காங்களா?”

“மேல மெத்தை எடுக்கப் போயிருக்கா. உன் மெத்தைதான். சொல்லு, எப்ப வர்ற?”

“நம்ம ஊர எடுக்கலப்பா.”

“எடுக்கலையா? நம்மள விட மோசமா எவன் தண்ணி வச்சிருக்கான்?”

“மோசமே இல்லப்பா. வந்த அத்தனை பாட்டில்லயும் நம்மதுதான் சுத்தமாம். பச்சக் குழந்தைக்கே கொடுக்கலாம்னு சொல்றாங்க. எனக்கே ஒண்ணும் புரியல. வேற ஊர முடிவு பண்ணி டிக்கெட்டும் போட்டாச்சு. அங்க போனா அப்படியே வேலையும் அங்கதான். அப்புறம் எப்ப வருவேன்னு...”

பாய்லர் குழாயடியைப் பார்த்தார். சோப்புப் போட்டால் நுரைக்காத தண்ணீர். வெள்ளை வேட்டியை ஒரே அலசலில் பழுப்பாக்குகிற தண்ணீர். அது சுத்தமாம்.

“நல்ல செய்திதானேப்பா,” மகளின் குரல் உடைந்தது. “நீங்க ரெண்டு பேரும் நல்ல தண்ணி குடிக்கிறீங்க. அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. என்னால முடியாது.”

போனை வைத்துவிட்டாள்.

மனைவி மெத்தையை அணைத்துப் பிடித்தபடி ஒவ்வொரு படியாகக் காலால் துழாவி இறங்கி வந்தாள்.

“போன் சத்தம் கேட்டுச்சே. அவதானா?”

“ம்.”

“என்ன சொன்னா?”

“நம்ம தண்ணிய எடுக்கலையாம். அவ வர மாட்டா.”

மெத்தை நழுவிக் கீழே விழுந்தது. அதன் மேலேயே உட்கார்ந்தாள். அழுகையும் ஆத்திரமுமாகப் புருஷனைப் பார்த்துக் கேட்டாள்:

“இதுக்கு மேல நான் என்னதாங்க செய்யறது? நம்ம குழாய்த் தண்ணிய அப்படியே அனுப்பினா எவன் எடுப்பான்னு, எதிர் வீட்டு மெஷின்ல ரெண்டு தடவ சுத்தம் பண்ணித்தானே பாட்டில்ல ஊத்தினேன். அப்பவுமா தேறல?”