எல்லாத்துக்கும் யெஸ்

அழிக்கட்டுமா என்று திரை கேட்டது.

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அழியப்போகிறவற்றின் பட்டியலை வாசித்தாள்.

பழைய கோப்புகள். யாருக்கும் வேண்டாத கோப்புகள். நடுவில் ஒரு ஃபோல்டர்.

பெயர் ஜெபின்.

ஜெபின் பின்னால்தான் நிற்கிறான். கையில் டீ.

"ஆச்சாக்கா?"

"ஆவுது."

நாகர்கோவிலில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடி. பஸ் கண்டக்டர் கையில் வைத்திருக்கும் டிக்கெட் மெஷின் செய்கிற ஆபீஸ். மெஷினுக்குள் ஓடும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் இவர்கள் எழுதியது இல்லை. எங்கெங்கோ இருக்கிறவர்கள் எழுதுகிறார்கள், தினமும் திருத்துகிறார்கள். அவர்கள் எழுதும் அந்த சோர்ஸ் கோடுக்கு இங்கே ஒரு பிரதி உண்டு. அதைப் புதுசாக வைத்திருப்பது அவள் வேலை.

அப்டேட் செய்தால், அங்கே வந்தது இங்கேயும் வரும். அங்கே இல்லாதது இங்கே இருந்தால் அழியும்.

அதனால் பிரதிக்குள் யாரும் கை வைக்கக் கூடாது என்பது சட்டம்.

சட்டத்தை எவன் மதிக்கிறான்?

ஜெபினுக்குக் கொடுத்த கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்துபோனது. எழுதியதையெல்லாம் நேராகப் பிரதிக்குள் நகர்த்தி, அங்கேயே உட்கார்ந்து மீதியை எழுதினான். டிக்கெட்டில் தமிழ் எழுத்தை அச்சடிக்கிற பகுதி. மாதக்கணக்கில் உழைத்தான். நல்ல வேலை, அதில் பொய் சொல்வதற்கில்லை. இன்று மத்தியானம் பஸ் முதலாளிகள் பார்க்க வருகிறார்கள். தமிழ் அச்சானால் அவன் வேலை நிரந்தரம். ஆகாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவன் நகர்த்தியதுமே அந்த ஃபோல்டர் அவள் கண்ணில் பட்டது, மூன்று வாரம் ஆகிறது. அன்றைக்கே அப்டேட்டை நிறுத்திவிட்டாள். அவனிடம் சொல்லவில்லை.

செய்ததைச் சொல்லிக் காட்டுகிறவனைக்கூட நம்பலாம். சொல்லாமல் நல்லது செய்கிறவர்களை நம்பவே கூடாது.

காலையில் கூட்டம். புதிய கோடில் ஒரு திருத்தம் வந்திருந்தது, மெஷினின் திரை நடுங்குவதை நிறுத்துகிற திருத்தம். ஜெபினுக்கு அது வேண்டும். எல்லார் முன்னாலும் எழுந்தான்.

"அக்கா வச்சிருக்க கோடு பழஞ்சோறாட்டு கெடக்கு சார். மூணு வாரமா தண்ணி ஊத்தி வச்சிருக்காவ. தொட்டுக்க மொளவாதான் பாக்கி."

சிரித்தார்கள். எதிரே இருந்தவன் மேஜையைத் தட்டிச் சிரித்தான்.

முதலாளி செல்லத்துரை சிரிக்கவில்லை. "சுகிர்தா, முடியலன்னா சொல்லிரு. வேற ஆளப் பாக்கேன்."

இவன் ஃபோல்டர்தான் காரணம் என்று அவள் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இப்போதும் சொல்லலாம்.

"கேக்குது மக்கா," என்றாள். "அழிக்கட்டான்னு."

"என்னத்த?"

"அங்க இல்லாதத."

"அழிக்கட்டு. குப்பைய வச்சு கண்காட்சியா நடத்தப் போறிய?"

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும் யெஸ் குடுங்கக்கா. ஒண்ணொண்ணா வாசிச்சிட்டிருந்தா பஸ்ஸே போயிரும்."

அவள் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

"நீயே குடு."

குனிந்தான். டீ சிந்தாமல் ஒற்றை விரலால் தட்டினான்.

திரையில் பெயர் பெயராக ஓடியது. மெதுவாகத்தான் ஓடியது. அவன் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் பார்த்தாள். அந்தப் பெயர் வந்தது. போனது.

"முடிஞ்சுது," என்றாள்.

"பாத்தியளா, இம்புட்டுதான். இதுக்கு மூணு வாரம்."

தன் இடத்துக்குப் போனான். விசில் அடித்தான். காட்டுவதற்கென்று இருந்த ஒரே மெஷினில் புதியதை ஏற்றினான். திரை நடுங்கவில்லை. பட்டனை அழுத்தினான். டிக்கெட் வெளியே வந்தது.

வடசேரி என்று தமிழில் ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள். கட்டம் கட்டமாக.

விசில் நின்றது.

பிறகுதான் ஃபோல்டரைத் தேடினான். அதன்பின் எல்லாரும் தேடினார்கள். காலையில் மேஜையைத் தட்டியவன் ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் திறந்து பார்த்தான். இப்படி அழிந்தது குப்பைக் கூடைக்குப் போகாது, ஒரேயடியாகப் போய்விடும். தெரிந்தும் கூடையைப் பார்த்தார்கள்.

"வேற எங்கயும் வச்சிருக்கியாலே?" என்றார் செல்லத்துரை.

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"அறிவு கெட்டவனே," என்று சொல்லிவிட்டு அவர் கீழே போனார். வாசலில் பஸ் முதலாளிகளின் கார் வந்து நின்றிருந்தது.

அவன் அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து தரையில் குந்தினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சின்னப் பிள்ளைகள் பிடிக்கிற மாதிரி, இரண்டு விரலை மட்டும்.

"காலைல சும்மா வெளையாட்டுக்குத்தான் சொன்னேன்கா. ஒங்களப் போயி அப்படி நெனப்பனா? எங்கயாவது எடுத்து வச்சிருக்கியளாக்கா? பழசானாலும் போதும்."

கண்ணீர் மூக்கு வழியாக இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

படியில் காலடிச் சத்தம். நாலைந்து பேர். செல்லத்துரையின் சிரிப்பு.

அவள் விரலை மெல்ல விடுவித்தாள். கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள்.

பென்டிரைவ் அடியில் கிடந்தது. காலையில் கூட்டம் முடிந்த கையோடு, அவன் ஃபோல்டரை ஒரு எழுத்து விடாமல் அதில் எடுத்து வைத்திருந்தாள்.

கையை உள்ளே விட்டாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"மொகத்தத் தொடச்சுக்க மக்கா. ஆளு வந்தாச்சு."

ஜிப்பை மூடினாள்.