டாக்டருக்கு விழுந்த கடைசித் திட்டு

"ஏலே வீரபாண்டி, அடிச்ச கை புழுத்துப் போகும்லே!"

கண்ணாடிப் பெட்டியைத் தட்டித் தட்டித் திட்டினாள் குருவம்மாள்.

பெட்டிக்குள் கிடந்தது வீரபாண்டி இல்லை, டாக்டர் ராக்கப்பன். வீரபாண்டி என்பவன் சித்திரபுரம் எஸ்டேட்டில் அவளைப் போட்டு உதைத்த புருஷன்.

அதுதான் ராக்கப்பனின் வைத்தியம். மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. எதிரே உட்கார்ந்துகொண்டு, யார் மேல் கோபமோ அவர் பெயரைச் சொல்லி என்னைத் திட்டு என்பார். மாமியார், அப்பன், முதலாளி என்று ஊரில் உள்ளவர்களுக்கு விழவேண்டியதையெல்லாம் அவரே வாங்கிக்கொண்டார். இதெல்லாம் ஒரு வைத்தியமா என்று மற்ற டாக்டர்கள் கொதித்தார்கள். பத்திரிகைகள் கிழி கிழி என்று கிழித்தன. மனுஷன் அசரவில்லை. சித்தூரில் அவர் வாசலில் கூட்டமும் குறையவில்லை.

இன்று அந்தக் கூட்டம் மொத்தமும் இழவு வீட்டில் வரிசைகட்டி நின்றது, கடைசியாக ஒருமுறை திட்டிவிட்டுப் போக. சொந்தக்காரர்களுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

டாக்டரின் தம்பி தங்கதுரைக்குப் பொறுக்கவில்லை.

"போதுமுங்க அண்ணி, ஊரே சிரிக்குது. இவுங்களையெல்லாம் அனுப்பீட்டு எடுத்தரலாமுங்க."

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த டாக்டரின் மனைவி மயிலாத்தாள் நிமிர்ந்தாள்.

"வரிசை முடியற வரைக்கும் ஒருத்தரும் பொட்டியத் தொடக்கூடாது தம்பி!"

அடேயப்பா, என்ன குரல் அது! அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதே இல்லை. புருஷனின் வைத்தியத்தை எப்படித் தாங்கிப் பிடிக்கிறாள் பார் என்று கூட்டம் நெகிழ்ந்து போயிற்று.

மயிலாத்தாள் எழுந்தாள். நேராக வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

முன்னால் நின்றவர்கள் பதறி வழிவிட்டார்கள். அவள் நகரவில்லை.

ஊருக்கெல்லாம் வாயைத் திறந்துவிட்டவர், வீட்டுக்குள் நுழைந்தால் அவளை வாய் திறக்க விட்டதில்லை. குழம்பில் உப்புக் கூடினால் தட்டு பறக்கும். ஏன் என்று கேட்டால் கன்னம் வீங்கும். எத்தனை வருஷத்து ஆத்திரம்! பெட்டியை எடுப்பதற்குள் அதைக் கொட்டிவிட வேண்டும் அவளுக்கு.

முறை வந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கண்ணாடியின் மேல் குனிந்தாள்.

யார் பெயரைச் சொல்லப்போகிறாள்? மாமியாரா, நாத்தனாரா? கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டது.

"அடேய் ராக்கப்பா!" என்றாள். "உன்னையத்தான்டா!"